அவுட்போர்டு மோட்டாருக்கு எந்த ஆயில் ஊற்றுவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

படகு வைத்திருப்பவர்கள் ஆயிலைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் முதல் கேள்வி பெரும்பாலும் "எந்தக் கம்பெனி நல்லது?" என்பதுதான். நான் அதற்குப் பதில் சொல்வதில்லை. டப்பாவின் முன்பக்கப் படத்தை விட்டுவிட்டு, பின்பக்கத்தில் பொடி எழுத்தில் என்ன அச்சாகியிருக்கிறது என்று பாருங்கள் என்பேன். அவுட்போர்டு என்பது படகின் அமரத்தில், அதாவது பின்முனையில், மாட்டியிருக்கும் மோட்டார். அது எப்போதும் ஈரத்திலேயே கிடக்கிறது. சிலிண்டர் மற்ற இன்ஜின்களைவிடக் குளிர்ச்சியாக இருக்கிறது. ஓடும் நேரமெல்லாம் சுமை இழுக்கிறது. கீழே உள்ள பதில்களில் பாதி, இந்த மூன்றை வைத்து நீங்களே ஊகித்துவிடக் கூடியவைதான்.

பைக்குக்கு ஊற்றும் 2டி ஆயிலையே 2 ஸ்ட்ரோக் அவுட்போர்டுக்கும் ஊற்றினால் என்ன?

நானே ஊற்றிப் பட்டவன். பழைய 8 ஹெச்பி மோட்டார் ஒன்று கைமாறி வந்தது. 2டி என்பது பெட்ரோலிலேயே கலந்து எரியும் 2 ஸ்ட்ரோக் ஆயில். 2டி என்றால் 2டிதானே என்று பைக் ஆயிலையே கலந்து ஒரு பருவம் முழுக்க ஓட்டினேன். ஸ்டார்ட் செய்யும் கயிறு நாளாக ஆக இழுக்க லேசாகிக்கொண்டே வந்தது. கைக்குப் பலம் கூடிவிட்டதே என்று சந்தோஷம் வேறு. போய்க்கொண்டிருந்தது கம்ப்ரெஷன், அதாவது சிலிண்டருக்குள் பிஸ்டன் கொடுக்கும் அழுத்தம், என்பது பிறகுதான் புரிந்தது. பிஸ்டனை வெளியே எடுத்துப் பார்த்தால், பிஸ்டனைச் சுற்றியிருக்கும் மேல் ரிங் அதன் காடியிலேயே ஒட்டிக் கிடந்தது; நகத்தால் தள்ளினால் அசையவில்லை. உடைந்த பழைய ரிங் துண்டு ஒன்றை வைத்துக் காடியைச் சுரண்டவே ஒரு மதியம் போனது. பிளக் முனையில் வெளிறிய சாம்பல் நிறத்தில் பொருக்குத் தட்டியிருந்தது. முந்தைய சொந்தக்காரர் எப்படி ஓட்டினாரோ, எல்லாப் பழியையும் ஆயில் மேல் போட மாட்டேன். ஆனால் அந்தப் பொருக்கு ஆயிலின் வேலைதான்.

பைக், மரம் அறுக்கும் செயின்சா போன்றவை காற்றில் குளிரும் இன்ஜின்கள். சிலிண்டர் நன்றாகச் சூடாகும். அந்தச் சூட்டில் கரி பிடிக்காமல் இருக்க, அவற்றின் ஆயிலில் கால்சியம் போன்ற உலோகம் சேர்ந்த கழுவும் மருந்துகளைப் போடுவார்கள். உலோகம் எரிந்தால் சாம்பல் மிஞ்சும். அவுட்போர்டில் கடல் தண்ணீரோ ஆற்றுத் தண்ணீரோ சிலிண்டரைச் சுற்றி ஓடிக்கொண்டே இருப்பதால் அவ்வளவு சூடு இல்லை. அந்த மருந்துக்கு வேலையும் இல்லை. சாம்பல் மட்டும் பிளக்கிலும் பிஸ்டன் தலையிலும் படியும். முழு வேகத்தில் ஓடும்போது அந்தப் படிவு தணல்போலச் சிவந்து, பிளக் பொறி விடுவதற்கு முன்பே பெட்ரோலைப் பற்ற வைக்கும். பிஸ்டனில் ஓட்டை விழுவது இப்படித்தான். அவுட்போர்டு ஆயிலில் உலோகம் இல்லாத, சாம்பல் விடாத மருந்துகளைச் சேர்க்கிறார்கள்.

மறுபக்கமும் உண்டு. அவுட்போர்டு ஆயில் மிச்சமிருக்கிறதே என்று செயின்சாவில் ஊற்றாதீர்கள். அந்தச் சூட்டுக்கு அது தாங்காது.

டிசி-டபிள்யூ3 என்று போட்டிருக்கிறதே, அது கம்பெனிப் பெயரா?

இல்லை, தர முத்திரை. அமெரிக்காவில் படகுத் தொழில் உற்பத்தியாளர்களின் சங்கமான என்எம்எம்ஏ வகுத்தது. 'டிசி' என்பது 2 ஸ்ட்ரோக்கையும், 'டபிள்யூ' தண்ணீரில் குளிரும் இன்ஜினையும் குறிக்கும். கடைசியில் உள்ள 3, முன்பிருந்த தரங்களைத் திருத்தி வந்த பதிப்பு. ரிங் ஒட்டுகிறதா, பிஸ்டன் உரசுகிறதா, துரு பிடிக்கிறதா, பெட்ரோலில் ஒழுங்காகக் கலக்கிறதா, கொஞ்சம் தண்ணீர் சேர்ந்தால் கூழாகி ஃபில்டரை அடைக்கிறதா என்றெல்லாம் சோதித்த பிறகே இந்த முத்திரை கிடைக்கும். 2 ஸ்ட்ரோக் அவுட்போர்டுக்கு இது இல்லாத ஆயிலை வாங்காதீர்கள்.

ஒரு விஷயம் கவனியுங்கள். "டிசி-டபிள்யூ3 தேவைகளுக்கு ஏற்றது" என்று யார் வேண்டுமானாலும் அச்சடித்துக்கொள்ளலாம். உண்மையிலேயே சான்று வாங்கிய ஆயில் டப்பாவில் 'ஆர்எல்' என்று தொடங்கும் பதிவு எண் இருக்கும். நான் முதலில் தேடுவது அதைத்தான்.

50:1 என்றால் எவ்வளவு ஊற்ற வேண்டும்?

50 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு ஆயில். 1 லிட்டருக்கு 20 மில்லி. 10 லிட்டர் கேனுக்கு 200 மில்லி, 24 லிட்டர் டேங்குக்கு 480 மில்லி. சில மாடல்கள் 100:1 கேட்கும். அதற்கு லிட்டருக்கு 10 மில்லி. புது மோட்டாரை ஓட்டிப் பழக்கும் முதல் சில மணி நேரத்துக்குப் பல மேனுவல்கள் 25:1 என்று சொல்கின்றன, அதாவது லிட்டருக்கு 40 மில்லி. எது உங்களுடையது என்பதை மேனுவலிலோ, இன்ஜின் மூடியின் உட்புறத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரிலோ பாருங்கள். பக்கத்துப் படகுக்காரர் வேறு கணக்குச் சொன்னால், அது அவருடைய மோட்டாருக்கு.

கலக்கும்போது கேனில் முதலில் கொஞ்சம் பெட்ரோல், அடுத்து ஆயில் முழுவதும். மூடி நன்றாகக் குலுக்கிவிட்டு மீதிப் பெட்ரோலை ஊற்றுங்கள். டேங்க் நிறையப் பெட்ரோல் அடித்துவிட்டு மேலே ஆயிலைக் கவிழ்த்தால், குலுக்க இடமும் இருக்காது, ஆயில் அடியில் போய்த் தேங்கியும் விடும். கண் அளவு வேண்டாம். மில்லி கோடு போட்ட குவளை ஒன்றை இதற்கென்றே வைத்துக்கொள்ளுங்கள்.

கொஞ்சம் கூடுதலாக ஊற்றினால் இன்ஜினுக்குப் பாதுகாப்புதானே?

பாதுகாப்பு என்று தோன்றும். கார்புரேட்டரின் ஜெட் ஓட்டை மாறுவதில்லை. அதன் வழியே போகும் திரவத்தின் அளவும் ஏறக்குறைய அதேதான். அதில் ஆயிலின் பங்கு கூடினால் பெட்ரோலின் பங்கு குறைகிறது. ஆக, ஆயிலைக் கூட்டினால் எரிபொருள் கலவை மெலிகிறது. 50:1-ஐ 40:1 ஆக்கினால் இன்ஜின் உடனே போய்விடாது, வித்தியாசம் சிறியதுதான். புகை, ஈரமான பிளக், நாளடைவில் கரி, வீண் செலவு, இவைதான் பலன். குறைத்து ஊற்றுவது மட்டும் விளையாட்டல்ல. 2 ஸ்ட்ரோக்கில் ஆயில் தேங்கும் தொட்டி கிடையாது. பெட்ரோலோடு கிராங்க் கேஸுக்குள் வந்து பேரிங்குகளை நனைத்துவிட்டுப் போகும் அந்தச் சில துளிதான் மொத்த மசகும்.

கலந்து வைத்த பெட்ரோலை எத்தனை நாள் வைத்திருக்கலாம்?

நான் ஒரு மாதத்துக்கு மேல் வைப்பதில்லை. எத்தனால் கலந்த பெட்ரோலாக இருந்தால் இன்னும் உஷார். எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து, ஓர் அளவு தாண்டியதும் தண்ணீரையும் சேர்த்துக்கொண்டு டேங்க் அடியில் தனி அடுக்காகப் பிரிந்துவிடும். ஆயில் மேலே பெட்ரோலோடு தங்கிவிடும். இன்ஜினுக்குப் போகும் குழாயோ டேங்க் அடியிலிருந்து உறிஞ்சுகிறது. மசகே இல்லாத அந்த அடி அடுக்குதான் முதலில் உள்ளே போகும். சந்தேகமாக இருந்தால் டேங்க் அடியிலிருந்து கொஞ்சம் கண்ணாடிக் குப்பியில் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள். நடுவில் கோடு போட்டதுபோலப் பிரிந்து தெரியும்.

ஆயிலைத் தானே கலந்துகொள்ளும் மோட்டாருக்கு?

அதே டிசி-டபிள்யூ3தான். தனி ஆயில் டேங்கிலிருந்து பம்ப் மூலம் வேகத்துக்கு ஏற்ற அளவில் போகும். டைரக்ட் இன்ஜெக்‌ஷன் வகைகள் (பெட்ரோலை நேரே சிலிண்டருக்குள் பீய்ச்சுபவை) மட்டும் விதிவிலக்கு. ஆயில் மிகக் குறைவாகச் செலவாகும்படி அமைத்திருப்பதால் தயாரிப்பாளர் சொல்லும் உயர்தர ஆயிலையே கேட்கும். எவின்ரூட் இ-டெக் மோட்டார்களுக்கு எக்ஸ்டி100 ஆயில் அப்படிப்பட்டது. எவின்ரூட் உற்பத்தி 2020-இல் நின்றுவிட்டாலும் அந்த மோட்டார்கள் இன்னும் ஓடுகின்றன. சாதாரண ஆயிலுக்கு மாறுவதென்றால் அளவைத் திருத்திய பிறகே மாற வேண்டும்.

ஆயில் குழாயைக் கழற்றி மாட்டியிருந்தால் உள்ளே காற்று நிற்கும். மாட்டிய பிறகு முதல் டேங்க் பெட்ரோலில் கையாலும் 50:1 கலந்து ஓட்டி, ஆயில் டேங்கில் மட்டம் இறங்குகிறதா என்று பார்த்துவிட்டுச் சாதாரண நிலைக்கு வாருங்கள். புகை கொஞ்சம் வரும், பரவாயில்லை.

4 ஸ்ட்ரோக் அவுட்போர்டுக்குக் கார் ஆயில் போடலாமா?

இதுதான் அதிகம் வரும் கேள்வி, அதிகம் சண்டை வரும் கேள்வியும்கூட. 4 ஸ்ட்ரோக்கில் ஆயில் பெட்ரோலில் கலக்காமல் இன்ஜினுக்குள் தனியே தங்கியிருக்கும். "காரில் இருப்பதும் 4 ஸ்ட்ரோக்தானே" என்பார்கள். கார் சமதரையில் ஒரே வேகத்தில் போகும்போது இன்ஜின் தன் பலத்தில் சிறு பங்கையே செலவழிக்கும். இறக்கம் வந்தால் சும்மா உருளும். தண்ணீரில் இறக்கம் ஏது? ஆக்சிலரேட்டரை விட்ட உடனே படகு நின்றுவிடும். அவுட்போர்டு, நாள் முழுக்க மேடு ஏறிக்கொண்டிருக்கும் கார் மாதிரி. முழு வேகத்தில் நிமிடத்துக்கு 5,000 முதல் 6,000 சுற்று, அதுவும் மணிக்கணக்கில். பேரிங்குகளும், வால்வுகளைத் திறக்கும் கேம்களும் ஆயிலை நசுக்கிக்கொண்டே இருப்பதால், சாதாரண ஆயில் சீக்கிரம் நீர்த்துவிடும்.

ஈரம் அடுத்த தொல்லை. உப்புக் காற்றை உறிஞ்சி ஓடிவிட்டு, வாரக்கணக்கில் சும்மா நிற்கும். ஆயில் வடிந்துபோன கேம் முகத்தில் துரு பூக்க அந்த ஓய்வே போதும். எஃப்சி-டபிள்யூ என்பது 4 ஸ்ட்ரோக்குக்கு என்எம்எம்ஏ தரும் முத்திரை. உப்பு ஈரத்தில் துரு பிடிக்கிறதா, நசுங்கிய பிறகும் கெட்டித்தன்மை நிற்கிறதா, நுரைக்கிறதா, தண்ணீர் சேர்ந்தால் ஃபில்டரை அடைக்கிறதா என்று அதற்குத் தனிச் சோதனைகள் இருக்கின்றன. கார் ஆயிலுக்கான ஏபிஐ தரத்தில் இந்தக் கடல் சங்கதிகளுக்கு அவ்வளவு இடமில்லை.

அதற்காகக் கார் ஆயில் விஷம் என்றும் சொல்ல மாட்டேன். சில தயாரிப்பாளர்களின் மேனுவல்களே ஏபிஐ தரத்தைச் சொல்லி, 10டபிள்யூ-30 ஊற்றலாம் என்கின்றன. மேனுவல் அனுமதித்தால், நன்னீரில் ஓட்டி ஆயிலை நேரத்துக்கு மாற்றுபவருக்குப் பெரிய பாதகம் வராது. உப்புத் தண்ணீரில் ஓட்டுபவர் எஃப்சி-டபிள்யூ வாங்குவதே சரி என்பது என் கட்சி. ஆனால் இப்போதைய கார்களுக்கு எரிபொருள் மிச்சமாக வரும் 0டபிள்யூ-20 போன்ற மெல்லிய ஆயில் எந்தச் சமாதானத்திலும் வேண்டாம்.

10டபிள்யூ-30, 10டபிள்யூ-40, 25டபிள்யூ-40: எதை எடுப்பது?

'டபிள்யூ'வுக்கு முன்னால் உள்ள எண், குளிரில் ஸ்டார்ட் செய்யும்போது ஆயில் எவ்வளவு இலகுவாக ஓடும் என்பதற்கு. சிறியதாக இருந்தால் இலகு. பின்னால் உள்ள எண், சூடான பிறகு எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதற்கு. மேனுவலில் வெப்பநிலையும் ஆயிலும் போட்ட அட்டவணை இருக்கும். உறைபனி எட்டிப் பார்க்காத இடத்தில், அட்டவணை இரண்டையும் அனுமதித்தால் நான் 40-ஐ எடுப்பேன். 25டபிள்யூ-40 மெர்குரி தன் மோட்டார்களுக்குப் பரவலாகச் சொல்லும் ஆயில்.

டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் குறைவதற்குப் பதிலாக ஏறுகிறது. எப்படி?

ஆயில் பெருகவில்லை, பெட்ரோல் இறங்குகிறது. மீன்பிடிக்க மணிக்கணக்கில் மெதுவாக ஓட்டும்போது சிலிண்டர் போதுமான சூட்டுக்கு வராது. எரியாத பெட்ரோல் சுவரை நனைத்து, ரிங் இடுக்கு வழியே கீழே வடிந்து ஆயிலில் சேரும். காரில் ஆயில் நன்றாகச் சூடாகி அந்தப் பெட்ரோல் ஆவியாகிவிடும். இங்கே அது தங்கிவிடுகிறது.

டிப்ஸ்டிக்கை உருவி மூக்குக்கு அருகில் கொண்டுபோங்கள். பெட்ரோல் வாடை தூக்கலாக இருந்தால் அதுதான். விரலில் தொட்டுத் தேய்த்தால் வழுவழுப்பு இல்லாமல் தண்ணீராக இருக்கும். புது மோட்டாரில் ரிங் படியும்வரை இது கொஞ்சம் இருக்கலாம். திரும்பி வரும்போது சிறிது நேரம் நல்ல வேகத்தில் ஓட்டிச் சூடேற்றுங்கள். இன்ஜின் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் வால்வு திறந்த நிலையில் சிக்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். மட்டம் மேல் கோட்டைத் தாண்டினால் ஆயிலை மாற்றிவிடுங்கள், வழக்கமாக மாற்றும் 100 மணி நேரம் ஆகட்டும் என்று காத்திருக்க வேண்டாம். ஆயில் பால் நிறமாக இருந்தால் கதை வேறு: உள்ளே தண்ணீர். அதோடு ஓட்டாதீர்கள், மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

இன்னொன்று, மட்டம் பார்க்கும்போது மோட்டார் செங்குத்தாக நிற்க வேண்டும். தூக்கி வைத்திருந்த மோட்டாரை இறக்கிய கையோடு பார்த்துவிட்டு, குறைவாக இருக்கிறதே என்று மேலும் ஊற்றியவர்கள் உண்டு. அப்புறம் நுரை, புகை, பயம்.

சிந்தெடிக் ஆயிலுக்குக் கூடுதல் காசு கொடுக்கலாமா?

முத்திரை இருந்தால் சாதாரண மினரல் ஆயிலும் போதும். 2 ஸ்ட்ரோக்கில் சிந்தெடிக் புகையையும் கரியையும் குறைக்கும். 4 ஸ்ட்ரோக்கில் நாள்பட நீர்க்காமல் நிற்கும். ஆனால் சிந்தெடிக் ஊற்றினேன் என்பதற்காக மாற்றும் இடைவெளியை நீட்ட வேண்டாம். தண்ணீரும் பெட்ரோலும் கலந்துவிட்டால் எந்த ஆயிலும் ஒன்றுதான்.

இரண்டு பிராண்டுகளைக் கலக்கலாமா? நிறம் வேறு வேறாக இருக்கிறதே?

டிசி-டபிள்யூ3 முத்திரை உள்ளவை ஒன்றோடொன்று கலக்கும். நீலமோ பச்சையோ வெறும் சாயம். ஆயில் கலந்த பெட்ரோல் எது, கலக்காதது எது என்று கண்ணுக்குத் தெரியவே சேர்க்கிறார்கள். 4 ஸ்ட்ரோக்கிலும் மட்டம் குறைந்திருந்தால் அதே தரத்தில் வேறு பிராண்டு ஊற்றலாம். 2 ஸ்ட்ரோக் பெட்ரோலில் 4 ஸ்ட்ரோக் ஆயிலைக் கலப்பது மட்டும் எந்த நிலையிலும் கூடாது. அது எரிவதற்குச் செய்த ஆயில் அல்ல.

மண்ணெண்ணெயில் ஓடும் 2 ஸ்ட்ரோக்குக்கு?

ஆயில் அதே டிசி-டபிள்யூ3, விகிதம் மட்டும் மேனுவல்படி. பெட்ரோல் கணக்கை அப்படியே மண்ணெண்ணெய்க்குப் போடாதீர்கள். மண்ணெண்ணெய் கரி அதிகம் விடும் என்பதால் ஆயிலில் மிச்சம் பிடிப்பது இங்கே ரொம்பவே வினை. ஸ்டார்ட் செய்வது பெட்ரோலில், நிறுத்துவதற்கு முன் திரும்பவும் பெட்ரோலுக்கு மாற்றிச் சற்று ஓடவிட்டு நிறுத்துவது.

கீழே கியர் பெட்டிக்கும் இதே ஆயிலா?

இல்லை. அது தனிப் பிறவி. பலர் இன்ஜின் ஆயிலுக்கு ஆயிரம் யோசனை செய்துவிட்டு இதை மறந்துவிடுகிறார்கள். தண்ணீருக்குள்ளேயே மூழ்கிக் கிடக்கும் பெட்டி இது. ஒரு சொட்டுத் தண்ணீர் புகுந்தாலும் சமாளிக்கிற படகு கியர் ஆயில் வேண்டும். பொதுவாக எஸ்ஏஇ 90 அல்லது 80டபிள்யூ-90; கியர் ஆயில் தரம் ஜிஎல்-4 ஆ, ஜிஎல்-5 ஆ என்பதை மேனுவல் சொல்லும்.

மாற்றுவதற்கு மோட்டாரைச் செங்குத்தாக நிறுத்தி, அடியில் தட்டு வைத்து, கீழ் ஸ்க்ரூவைத் திறங்கள். முதலில் விழுவதை உற்றுப் பாருங்கள். தண்ணீர் ஆயிலைவிடக் கனம் என்பதால், உள்ளே இருந்தால் அதுதான் முதலில் சொட்டும். பிறகு மேல் ஸ்க்ரூவைத் திறந்தால் ஆயில் கொடகொடவென்று இறங்கும். பால்போல வெளுத்து வந்தால் சீல் போயிருக்கிறது. புரொப்பெல்லரைக் கழற்றிப் பாருங்கள். அறுந்த தூண்டில் நரம்பு ஷாஃப்டில் சுற்றிச் சீலை அறுத்திருப்பது சர்வ சாதாரணம். ஸ்க்ரூ முனையில் காந்தம் இருந்தால் அதில் சாம்பல் பசை மாதிரி ஒட்டியிருக்கும், அது தேய்மானம், கவலை இல்லை. கையில் குத்துகிற இரும்புச் சில்லு இருந்தால் கவலைப்படலாம்.

புது ஆயிலைக் கீழ் ஓட்டை வழியாகத்தான் ஏற்ற வேண்டும். மேலிருந்து ஊற்றினால் காற்று சிக்கிக்கொள்ளும். மேல் ஓட்டையில் குமிழி இல்லாமல் வழியும்வரை பம்ப் செய்து, முதலில் மேல் ஸ்க்ரூவை மூடுங்கள், பிறகு பம்பை எடுத்துவிட்டுச் சட்டென்று கீழ் ஸ்க்ரூ. மேலே மூடியிருந்தால் கீழே அதிகம் கொட்டாது. இரண்டுக்கும் புது வாஷர். பழைய வாஷரே போதும் என்று நினைத்து அடுத்த முறை பால் நிறத்தைப் பார்த்தவன் நான்.

எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுவது?

4 ஸ்ட்ரோக் இன்ஜின் ஆயில், புது மோட்டாரில் முதல் 20 மணி நேரத்தில். அதன் பிறகு 100 மணி நேரத்துக்கு ஒருமுறை, அல்லது வருடத்துக்கு ஒருமுறை, எது முந்துகிறதோ அது. கியர் ஆயிலும் ஏறக்குறைய இதே கணக்கு. பல நாள் நிறுத்தி வைக்கப் போகிறீர்கள் என்றால் நிறுத்தும் முன்பே மாற்றுங்கள். அழுக்கு ஆயிலின் அமிலமும் ஈரமும் மாதக்கணக்கில் உள்ளே கிடக்க வேண்டாம். வடித்த ஆயிலை அதே காலி டப்பாவில் ஊற்றி, பழைய ஆயில் வாங்குபவரிடம் கொடுத்துவிடலாம்.

புறப்பட்ட இடத்தில் டிசி-டபிள்யூ3 கிடைக்கவே இல்லை. கரை சேர வேண்டும். என்ன செய்வது?

ஆயிலே இல்லாமல் ஓட்டுவதைவிட எந்த 2 ஸ்ட்ரோக் ஆயிலும் மேல். ஜாஸோ (ஜப்பானியத் தர முத்திரை) எஃப்சி அல்லது எஃப்டி என்று போட்ட பைக் ஆயில் கிடைத்தால் அதே விகிதத்தில் கலந்து, பாதி வேகத்துக்கு மேல் போகாமல் வாருங்கள். ஒரு டேங்க்கில் ரிங் ஒட்டிவிடாது. வந்ததும் பிளக்கைக் கழற்றித் துடைத்துப் பாருங்கள், மிச்சக் கலவையை டேங்கிலிருந்து வடித்துவிடுங்கள். அடுத்த முறைக்கு 1 லிட்டர் டப்பா ஒன்றைப் பிரிக்காமல் படகிலேயே போட்டு வையுங்கள், வெயில் படாத மூலையில்.